நாற்பத்து நான்கு மணி நேர இருட்டு

பதினொரு இரவு. இரவுக்கு நான்கு மணி நேரம். மொத்தம் நாற்பத்து நான்கு மணி நேரம் பூத்தோட்டத்தில் விளக்கு எரியவில்லை.

வழக்கு மனுவின் நான்காவது பத்தியில் அந்த எண் இருந்தது. நவமணிக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த நாற்பத்து நான்கை மட்டும் அவள் எந்தக் காகிதத்திலும் கண்டுபிடித்துவிடுவாள். பதினாறு மாதமாக அது அவர்கள் வீட்டுக்குள் ஒரு ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது.

அன்று காலை ஆறு மணிக்கு அவள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது கணவர் ரெங்கசாமி பின்னால் வந்து நின்றார்.

“காலர்ல மடிப்பு இருக்கு பாரு.”

“எடுத்துடறேங்க.”

“இன்னிக்கு நீதிபதி துவான் முன்னாடி நிக்கணும். நேத்து வெட்டின முட்டைக்கோஸ் மாதிரி கசங்கிப் போய் நிக்க முடியுமா?”

ஐயா என்பதை அவர் மலாய்க்காரர் மாதிரி துவான் என்றுதான் சொல்வார். நவமணி காலரைத் திருப்பிப் போட்டு அழுத்தினாள். ஜன்னலுக்கு வெளியே எஸ்டேட்டின் தேயிலைச் சரிவு பனியில் பாதி தெரிந்தது. இந்நேரம் அவள் அங்கே கூடையோடு நின்றிருக்க வேண்டும். கோர்ட்டுக்குப் போகிறேன் என்று கங்காணியிடம் லீவு கேட்டபோது, “புருஷன் பக்கமா, கொழுந்தன் பக்கமா?” என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

“உன்னையும் கூண்டுல ஏத்துவாங்க. லாயர் என்ன சொல்லிக் கொடுத்தாரு? சொல்லு பார்ப்போம்.”

“விளக்குப் போடுறது யார் வேலைன்னு கேப்பாரு. தம்பி வேலைன்னு சொல்லணும்.”

“அவ்ளோதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம். அழுவாத. அவன் மூஞ்சியைப் பார்க்காத.”

சட்டையை நீட்டியபடி அவள் மெல்லச் சொன்னாள். “ஏங்க… இன்னிக்குக் கூட பேசி முடிச்சுக்கலாம்னு லாயர் சொன்னாரே…”

“பேசி முடிக்கிறதா!” ரெங்கசாமியின் குரல் உயர்ந்தது. “ஈப்போ ஆஸ்பத்திரியில நான் சாவக் கிடந்தேன். கூடப் பொறந்தவன் ஒரு நாள் எட்டிப் பார்த்தானா? யாரோ பெத்த பிள்ளை, ஒரு அட்டெண்டன், மொகம் சுளிக்காம என்னைக் கழுவித் தொடைச்சான். என் தம்பி ஒரு சுவிட்சைத் தட்டலை! நீ அவனை ஒன்பது வயசுலேர்ந்து சோறு போட்டு வளர்த்தே. அந்தப் பாசம் உன் கண்ணை மறைக்குது… புருஷன் செத்தாலும் உனக்குக் கொழுந்தன்தான் பெருசு!”

நவமணிக்குக் கண் நிறைந்தது. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோசையை எடுத்துத் தட்டில் வைத்தாள். ரெங்கசாமி கோபத்தோடு உட்கார்ந்து நான்கு தோசை சாப்பிட்டார். ஐந்தாவதும் கேட்டார்.

அவர் இப்படிச் சாப்பிடுவதைப் பார்த்தால் அவளுக்கு வேறு எதுவும் வேண்டியதில்லை. திட்டினாலும் சரி. திட்டுவதற்கு அவர் இருக்கிறார்.

கம்போங் ராஜாவைத் தாண்டி, எஸ்டேட் எல்லையில் அவர்கள் நிலம் இருந்தது. மேட்டில் அண்ணன் வீடு. ரோட்டோரம் தம்பி பக்கிரிசாமி வீடு. இடையில் முப்பது அடி. ரோட்டுக்குப் பக்கம் என்பதால் மின்சார மீட்டர் தம்பி வீட்டில்தான் இருந்தது. பூத்தோட்டத்துக்கு விளக்குப் போடும் சுவிட்சும் அவன் சமையலறைச் சுவரில்தான்.

சாமந்திச் செடிக்கு இருட்டு நீளமாக இருந்தால் மொட்டு வைத்துவிடும். தண்டு வளரும் வரை மொட்டு வைக்க விடக்கூடாது. அதற்காக இரவு பத்து மணிக்கு பல்பு போட்டு, இரண்டு மணிக்கு நிறுத்துவார்கள். நீளமான இருட்டு இரண்டு சின்ன இருட்டாக உடையும். பகல்தான் நீளம் என்று செடி நம்பிக்கொண்டு வளர்ந்துகொண்டே போகும். தண்டு இடுப்பளவு வந்ததும் விளக்கை நிறுத்தினால், எல்லாச் செடியும் ஒரே நேரத்தில் மொட்டு வைக்கும். அந்தப் பூவுக்குத்தான் கோலாலம்பூரில் விலை.

நூற்றிருபது பல்பு. ஒன்றரை ஆண்டு பக்கிரிசாமி அலாரம் வைத்து எழுந்து அந்தச் சுவிட்சைத் தட்டினான். ஒரு நாள் தவறியதில்லை.

பிறகு அப்பாவின் திதியன்று சண்டை வந்தது. இருக்கிற நிலம் முழுக்கப் பூப் போட வேண்டும் என்றார் அண்ணன். பாதியில் கோஸ் இருக்கட்டும், பூ சோறு போடாது என்றான் தம்பி. கோஸா பூவா என்று ஆரம்பித்தது, இலையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துபோகும் அளவுக்குப் போனது. கடைசியில் ரெங்கசாமி சொன்னார்: “இனி நீ என் மூஞ்சியில முழிக்காத! நான் செத்தாலும் உன் கை என் மேல படக்கூடாது!”

பேச்சு நின்றது. விளக்கு நிற்கவில்லை. அதற்குப் பிறகும் மூன்று வாரம், இரவு பத்து மணிக்குத் தோட்டம் வெளிச்சமானது.

அந்த ஜூலையில் ரெங்கசாமிக்குக் குடல்வால் வெடித்தது. தோட்டத்திலேயே நினைவு தப்பி விழுந்தார். தானா ராத்தாவிலிருந்து ஆம்புலன்ஸில் ஈப்போவுக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றைத் திறந்தார்கள். சீழ் உடம்பெல்லாம் பரவி, பதினொரு நாள் காய்ச்சலில் பிதற்றினார். பன்னிரண்டாம் நாள்தான் கண் விழித்தார். வீடு வந்து சேர்ந்தபோது தோட்டம் முழுக்க மொட்டு. தண்டு ஒரு சாண்.

அந்தப் பதினொரு இரவும் பக்கிரிசாமி வீடு பூட்டிக் கிடந்தது. அவன் மனைவி தனலெட்சுமி தலைப்பிரசவத்துக்கு பீடோரில் அம்மா வீட்டில் இருந்தாள். அவன் எங்கே இருந்தான் என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் அவன். இன்னொருத்தி நவமணி.

அதை யாரிடமும் சொல்வதில்லை என்று அவளிடம் அவன் சத்தியம் வாங்கியிருந்தான். ரெங்கசாமி பிழைப்பாரா மாட்டாரா என்று டாக்டருக்கே தெரியாத ஒரு மாலையில், தாலி மேல் கை வைத்துச் சொல்லச் சொன்னான். அவளும் சொன்னாள். சொன்ன மறுநாள் காய்ச்சல் ஒரு டிகிரி இறங்கியது. அன்றிலிருந்து அந்தத் தாலியும் அந்தச் சத்தியமும் அவள் புருஷன் உயிரும் அவள் மனத்தில் ஒரே முடிச்சாகிவிட்டன.

ரெங்கசாமி மூன்று மாதம் காத்திருந்தார். தம்பி தானாக வந்து சொல்வான் என்று எதிர்பார்த்தார். அவன் வரவில்லை. ஈப்போவுக்குப் போய் வழக்கறிஞர் சாம்பசிவத்தைப் பிடித்தார். பூவை வாங்குவதாக ஒப்பந்தம் போட்ட தௌக்கேயின், அந்தச் சீன முதலாளியின், கடிதத்தைக் காட்டினார். நஷ்டம் பதினெட்டாயிரம் மலேசிய வெள்ளி. செஷன்ஸ் கோர்ட்டில் வழக்குப் பதிவானது.

சம்மன் கொண்டு வந்தவன் வீடு தெரியாமல் மேட்டு வீட்டுக் கதவைத் தட்டினான். நவமணிதான் அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். பக்கிரிசாமி வீடு எது என்று கேட்டான். கீழே கை காட்டியதும் அவள்தான்.

அன்று சாயங்காலம் தனலெட்சுமி கைப்பிள்ளையோடு ஓடி வந்தாள். பள்ளியில் பாரம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்பு, வரை படித்தவள். மனுவைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்திருந்தாள்.

“அக்கா! பிள்ளை பொறந்தப்போ ஏன் வரலைன்னு கேட்டதுக்கு இவரு என்ன சொன்னாரு தெரியுமா? தோட்டத்துக்கு விளக்குப் போடணும், விட்டுட்டு வர முடியலைன்னாரு. நானும் நம்புனேன்! இதுல என்ன எழுதியிருக்கு பாருங்க… பதினொரு ராத்திரி விளக்கே போடலையாம்! அப்போ எங்கக்கா போனாரு? யார் வீட்டுக்குப் போனாரு?”

“தப்பா நினைக்காத தனம்…”

“வேற என்ன நினைக்கச் சொல்றீங்க? வாயைத் தொறந்து பதில் சொல்ல மாட்டேங்கிறாரே! உங்களுக்குத் தெரியுமாக்கா?”

நவமணி பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டாள். பிள்ளை அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்தது.

“தெரியாது” என்றாள். வாழ்க்கையில் அவள் சொன்ன பெரிய பொய் அதுதான்.

மறுநாள் பக்கிரிசாமியைத் தேயிலைக் காட்டுக்கே வரச் சொன்னாள்.

“தம்பி, கையெடுத்துக் கும்பிடறேன். என்னைச் சத்தியத்துலேர்ந்து விட்டுடுங்க. தனத்துக்கிட்ட மட்டுமாவது சொல்லிடுறேன்.”

“அவகிட்ட சொன்னா பிரிஞ்சாங் மார்க்கெட் மூடுறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும் அண்ணி.”

“தெரிஞ்சா என்ன? அண்ணன் கேஸ் போட்டுட்டாரே!”

அவன் தேயிலைக் கொழுந்து ஒன்றைக் கிள்ளி விரலில் உருட்டினான். “என் கை படக்கூடாதுன்னு சொன்னாரு அண்ணன். இப்போ நானே போய் அதைச் சொல்லி கேஸ்லேர்ந்து தப்பிக்கணுமா? செஞ்சதுக்குக் கூலி கேக்குற மாதிரி ஆயிடும். வேணாம் அண்ணி. பூ போனது என்னாலதான். நான் கொடுத்துடறேன்.”

அப்படியே அவன் வழக்கறிஞர் விஜயனிடமும் சொன்னான். விஜயன் இளைஞர், தலையில் அடித்துக்கொண்டார். எதிர்வாதத்தில் எழுத அவரிடம் ஒரே ஒரு வரிதான் இருந்தது: தவிர்க்க முடியாத காரணத்தால் பிரதிவாதி வெளியூரில் இருந்தார்.

“என்ன காரணம்? எந்த வெளியூரு?” என்று ரெங்கசாமி அந்தக் காகிதத்தை ஆட்டி ஆட்டிக் கேட்டார். “சிங்கப்பூருக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போனானா? சொல்ல மாட்டான்! சொன்னா மானம் போயிடும்!”

பிறகு ஆவணங்கள். இரு தரப்பும் பட்டியல் கொடுத்து, நகல் மாற்றிக்கொண்டார்கள். தௌக்கேயின் ஒப்பந்தம், குட்டைத் தண்டோடு பூத்த செடிகளின் போட்டோ, மின்சாரக் கட்டணச் சீட்டு. அந்த மாதச் சீட்டில் முந்நூற்றுச் சொச்சம் யூனிட் குறைந்திருந்தது. அறுபது வாட் பல்பு நூற்றிருபது, நாற்பத்து நான்கு மணி நேரம் என்று கணக்குப் போட்டால் அதே எண் வந்தது. இருட்டுக்குக்கூட சீட்டு இருந்தது. தம்பி இருந்த இடத்துக்குத்தான் எந்தச் சீட்டும் இல்லை.

மூன்று முறை வழக்கைக் கூப்பிட்டார்கள். மூன்று முறையும் நீதிபதி, அண்ணன் தம்பிதானே, பேசி முடியுங்கள் என்றார். மூன்றாவது முறை பக்கிரிசாமி எழுந்து, கேட்ட தொகையைத் தவணையில் கொடுத்துவிடுகிறேன் என்றான். ரெங்கசாமியின் வழக்கறிஞரே சந்தோஷப்பட்டார்.

ரெங்கசாமி ஒத்துக்கொள்ளவில்லை.

“எனக்குக் காசு வேணாம் துவான். இவன் அந்தப் பதினொரு நாளும் எங்க இருந்தான்னு எல்லார் முன்னாடியும் சொல்லட்டும். சொல்லிட்டா ஒரு காசு வேணாம்.”

பக்கிரிசாமி தலையைக் குனிந்துகொண்டான். நீதிபதி விசாரணைக்கு நாள் குறித்தார்.

அந்த நாள்தான் இன்று.

ஏழரை மணிக்கு ரெங்கசாமியும் நவமணியும் ரோட்டுக்கு இறங்கினார்கள். அங்கே பக்கிரிசாமி, தனலெட்சுமி, பிள்ளை பரமேஸ்வரி. தனலெட்சுமியின் காலடியில் ஒரு பெரிய துணிப்பை.

மூர்த்தியின் டாக்சி வந்து நின்றது. அந்த நேரத்துக்குக் கம்போங் ராஜாவில் ஓடுவது அந்த ஒரு டாக்சிதான்.

“ஏறுங்க, ஏறுங்க. எல்லாரும் கோர்ட்டுக்குத்தானே?”

“நான் பஸ்ல வரேன்” என்றார் ரெங்கசாமி.

“பஸ் பிரிஞ்சாங் போய்ச் சேர்றதுக்குள்ள கேஸ் முடிஞ்சிடும் அண்ணே. ஏறுங்க லா. வாதி முன்னாடி, பிரதிவாதி பின்னாடி. நடுவுல நான் பேசவே மாட்டேன்.”

பின்சீட்டில் நவமணி நடுவில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் கொழுந்தன், ஒரு பக்கம் ஓரகத்தி. பிள்ளை அவள் மடிக்குத் தாவி, அங்கிருந்து முன்சீட்டுக்குக் கை நீட்டி ரெங்கசாமியின் காலரைப் பிடித்தது.

“பெரிப்பா!”

ரெங்கசாமி திரும்பவில்லை. ஆனால் இஸ்திரி போட்ட காலரைப் பிள்ளை கசக்குவதைத் தடுக்கவும் இல்லை.

கியா பார்ம் கடைகளைத் தாண்டும்போது நவமணி காலடிப் பையைத் தொட்டுக் கேட்டாள். “இது என்ன தனம்?”

“துணி.” தனலெட்சுமி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள். “இன்னிக்கு அந்தக் கூண்டுல ஏறி இவரு எங்க போனாருன்னு சொல்லணும். சொல்லலைன்னா கோர்ட்லேர்ந்தே தாப்பா பஸ் ஏறி பீடோர் போயிடுவேன். அம்மா வீட்டுக்கு. திரும்பி வரமாட்டேன்.”

“தனம்!” என்றான் பக்கிரிசாமி.

“என்னைக் கூப்பிடாதீங்க! ஒரு வருஷமா ஊரு சிரிக்குது. எவ வீட்டுல கிடந்தீங்களோ, அவளைக் கூப்பிடுங்க!”

மூர்த்தி ரேடியோவைப் போட்டார். பிறகு நிறுத்தினார்.

தானா ராத்தா கோர்ட் சின்னது. செஷன்ஸ் நீதிபதி எப்போதாவதுதான் மலையேறி வருவார். குளிருக்கு எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். நீதிபதி மட்டும் கறுப்புக் கோட்டில் இருந்தார். சாட்சிகள் வெளியே காத்திருக்க வேண்டும் என்றார்கள். நவமணி வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள். கதவு சரியாக மூடவில்லை. உள்ளே பேசுவது கேட்டது.

முதலில் ரெங்கசாமி. வழக்கறிஞர் சாம்பசிவம் பூவைப் பற்றிக் கேட்டார். அவர் பூவைப் பற்றி ஐந்து நிமிடமும் தம்பியைப் பற்றிப் பதினைந்து நிமிடமும் சொன்னார்.

“…எனக்குக் கண்ணு தெரியலை துவான். அவ்ளோ காய்ச்சல். ஒரு கை மட்டும் தெரியும். ராத்திரியானா வரும். ஈரத்துணி வச்சுத் துடைக்கும். பொரட்டிப் போடும். அட்டெண்டன் பையன். மண்வெட்டி புடிச்ச மாதிரி காப்புக் காய்ச்ச கை. ஆனா தாய் மாதிரி தொடும். நான் கண்ணு முழிச்சப்போ அவனுக்கு ஷிஃப்ட் மாறிப்போச்சுன்னு என் வீட்டுக்காரி சொன்னா. லோரி ஈப்போ போறப்பல்லாம் அவனுக்குக் கோஸ் கொடுத்தனுப்புறேன். அப்படி ஒரு ஆள் இல்லைன்னு திரும்பி வந்துடுது. அந்தக் கை யாரோ ஒருத்தனுக்கு இருந்துச்சு. என் தம்பிக்கு இல்லை!”

“பூவைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்” என்றார் சாம்பசிவம் களைப்போடு.

வெளியே நவமணி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

பிறகு தௌக்கே வந்தார். பிறகு விவசாய இலாகா அதிகாரி. சாமந்திக்கு உள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது என்று அவர் விளக்கினார். நிலா வெளிச்சத்தைச் செடி கணக்கில் எடுக்குமா என்று நீதிபதி கேட்டார். எடுக்காது என்றார் அதிகாரி. நீதிபதி அதையும் எழுதிக்கொண்டார். நான்கைந்து இரவு தொடர்ந்து இருட்டாகப் போனால் செடி முடிவு செய்துவிடும், அதற்குப் பிறகு விளக்குப் போட்டாலும் பெரிய பயன் இல்லை என்று அதிகாரி சொன்னபோது, நவமணிக்கு இன்னொரு குரல் கேட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில், ஐந்தாம் நாள் காலையில், சிவந்த கண்ணோடு பக்கிரிசாமி இதையேதான் சொன்னான். இனி போயும் பூவைக் காப்பாத்த முடியாது அண்ணி. போகட்டும்.

அவளைக் கூப்பிட்டார்கள்.

மொழிபெயர்ப்பாளர் தனராஜ் கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசும் மனிதர். அவர் சொல்லச் சொல்ல நவமணி திருப்பிச் சொன்னாள். நான் சொல்வதெல்லாம் உண்மை. உண்மையைத் தவிர வேறில்லை. இது இரண்டாவது சத்தியம்.

சாம்பசிவம் கேட்டார். அவள் சொல்லிக் கொடுத்தபடி சொன்னாள். சுவிட்ச் தம்பி வீட்டில். தட்டுவது தம்பி வேலை. பதினொரு நாள் தட்டவில்லை. ரெங்கசாமி தலையை ஆட்டினார்.

விஜயன் எழுந்தார். தன் கட்சிக்காரரை ஒருமுறை பார்த்தார். கேட்காதீர்கள் என்று அவன் தலையசைத்தான். விஜயன் கேட்டுவிட்டார்.

“அந்தப் பதினொரு இரவும் பிரதிவாதி எங்கே இருந்தார் என்று உங்களுக்குத் தெரியுமா?”

தனராஜ் தமிழில் சொல்லும் முன்பே பக்கிரிசாமி பாதி எழுந்துவிட்டான். “அண்ணி, வேணாம்…”

நீதிபதி மேசையைத் தட்டினார். அவன் உட்கார்ந்தான்.

“சொல்லேன்!” ரெங்கசாமி இருந்த இடத்திலிருந்து கத்தினார். “தெரிஞ்சா சொல்லு! எனக்குத் தெரியாம உனக்கு என்ன தெரியும்? பதினாறு மாசமா மூடி மூடி வச்சிருக்கியே, அதைத்தான் சொல்லு!”

அவரையும் உட்காரச் சொன்னார்கள்.

நவமணி தனலெட்சுமியைப் பார்த்தாள். அவள் பிள்ளையை இறுக்கிப் பிடித்திருந்தாள். துணிப்பை காலடியில் தயாராக இருந்தது. பிறகு கணவரைப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைக்கக் கோபத்தில் இருந்தார். கன்னத்தில் சதை போட்டிருந்தது. காலையில் ஐந்து தோசை சாப்பிட்டிருந்தார்.

அவள் கை தாலியைத் தேடிப் பிடித்தது. ஆத்தா, சத்தியத்தை மீறுறது நான். வர்றது என் தலையில வரட்டும். அவரை ஒண்ணும் செஞ்சுடாதே.

“தெரியும்” என்றாள்.

தனராஜ் மலாயில் சொன்னார். நீதிபதி பேனாவை எடுத்தார்.

“எங்கே இருந்தார்?”

“ஈப்போவுல.”

“ஈப்போவில் எங்கே?”

“பெரியாஸ்பத்திரியிலே.” குரல் உடைந்தது. அவள் நிறுத்தாமல் சொன்னாள். “ஆம்பளைங்க வார்டுக்கு வெளிய ஒரு பெஞ்சு இருக்குங்க. பகல்ல அதுலதான் படுத்திருப்பாரு. சாயங்காலம் ஆறு மணிக்கு மணியடிச்சு பொம்பளைங்களை வெளிய அனுப்பிடுவாங்க. நான் வெளிய வருவேன்… தம்பி உள்ள போவாரு. வீட்டுச் சாவி இவரு சட்டைப் பையிலேயேதான் இருந்துச்சு. பீடோர்லேர்ந்து பிள்ளை பொறந்திருக்குன்னு தந்தி வீட்டுக்குப் போயிருக்கு. வாங்க ஆள் இல்லை. பொறந்ததே இவருக்கு ஆறு நாள் கழிச்சுத்தான் தெரியும்…”

“அய்யோ…” என்றாள் தனலெட்சுமி. பிள்ளையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் கால், தானாகவே, துணிப்பையைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளியது.

தனராஜ் மொழிபெயர்க்க ஆரம்பித்தார். பாதியில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ரெங்கசாமி எழுந்திருந்தார். சாம்பசிவம் அவர் கையைப் பிடித்து இழுத்தார். அவர் கவனிக்கவில்லை. இரண்டு பெஞ்சுகளுக்கு இடையே நடந்து போனார். தம்பிக்கு முன்னால் நின்றார். பதினேழு மாதத்துக்கு முன் பேச்சு நின்ற பிறகு அவ்வளவு பக்கத்தில் அவர் வந்ததில்லை.

“கையைக் குடு” என்றார்.

பக்கிரிசாமி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். சின்ன வயதில் மண்ணைத் தின்றுவிட்டு அண்ணனிடம் அப்படித்தான் மறைப்பான்.

“குடுடா.”

அவன் நீட்டினான். ரெங்கசாமி அந்தக் கையை இரண்டு கையாலும் வாங்கினார். உள்ளங்கையைத் திருப்பினார். கட்டைவிரலுக்குக் கீழே இருந்த காய்ப்பின் மேல் தன் விரலை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். காய்ச்சலில் கிடந்தபோது மூடியிருந்த மாதிரியே மூடிக்கொண்டார். அவர் உதடு துடித்தது. பிறகு அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, காலரெல்லாம் நனைய அழுதார்.

“அண்ணே… அழாதீங்கண்ணே… வயித்துல தையல் போட்ட இடம் வலிக்கும்…” என்று தம்பியும் அழுதான்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். தனராஜிடம் மெதுவாக ஏதோ கேட்டார். தனராஜ் நவமணி பக்கம் திரும்பினார்.

“அம்மா, வாதி அங்கே என்ன செய்கிறார் என்று நீதிபதி கேட்கிறார். நீங்கள் சொல்ல முடியுமா?”

நவமணி தாலியிலிருந்து கையை எடுத்தாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். ஆனால் குரல் நேராக வந்தது.

“கையை அடையாளம் பார்க்கிறாருங்க. அட்டெண்டன்னு யாரும் கிடையாது. அந்தப் பதினொரு ராத்திரியும் அவரைக் கழுவித் தொடைச்சு உயிரோட எனக்குத் திருப்பிக் குடுத்தது அவர் தம்பி.”